பின்பக்கத்து விலாசம்

சுங்கை சிப்புட், பேராக்,
மலேசியா
9.1.2005

மரியாதைக்குரிய உத்திராபதி மாமாவுக்கு,

நலம் விசாரித்துத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்றே தெரியாமல் நலம் எப்படி விசாரிப்பது? இரண்டு நாளாக இந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் அமராவதி. உங்கள் அம்மா ரத்தினம்மாளின் அண்ணன் கோவிந்தசாமி, 1948-ல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயாத் தோட்டத்துக்கு வந்தவர், அவருடைய ஒரே மகள். நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. நீங்கள் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்ததற்கு அப்பா லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. அத்தை மகனை இங்கே அத்தான் என்பார்கள். ஊர் வழக்கப்படி மாமா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

டிவியில் கடல் ஊருக்குள் வந்ததைக் காட்டினார்கள். கீழே கடலூர் என்று எழுத்து ஓடியது. பிச்சாவரம் பக்கம் ஊரே போய்விட்டது என்றார்கள். அன்று இரவு முழுக்க டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் நினைக்காத மனுஷர்களுக்காக ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே ஆச்சரியம். அப்பாவின் பழைய நோட்டில் முதுநகர் விலாசம் இருந்தது. அதற்குத்தான் எழுதுகிறேன்.

1978 ஐப்பசியில் அப்பா இறந்தார். உங்களுக்குக் கடிதம் போட்டோம். ஒரு வரி பதில் இல்லை. அம்மா மூன்று மாதம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "இனிமே அந்தக் குடும்பத்துப் பேச்ச இந்த வீட்டுல எடுக்காத" என்று சொல்லிவிட்டார். நானும் எடுக்கவில்லை.

சண்டை போட எழுதவில்லை, மாமா. அதற்குத் தெம்பும் இல்லை. நீங்களும் அத்தையும் இருக்கிறீர்களா என்று மட்டும் எழுதுங்கள். என் விலாசம் மேலேயும் இருக்கிறது, உறைக்குப் பின்னாலும் இருக்கிறது.

இப்படிக்கு,
கோவிந்தசாமி மகள் அமராவதி


கடலூர் முதுநகர்
20.2.2005

அன்புள்ள அமராவதிக்கு,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சி. டீச்சர்னு சொல்லிட்ட, எனக்குத் தப்பு இல்லாம எழுத வராது. பேசற மாதிரிதான் எழுதுவேன். நீ எனக்குச் சின்னவ, அதனால நீன்னே எழுதறேன், கோச்சிக்காத.

நாங்க இருக்கோம். அம்மாவும் இருக்குது. எழுவத்தெட்டு வயசு. தண்ணி எங்க தெரு வரைக்கும் வரல. நான் சிப்காட்ல ஒரு கம்பெனில ஷிப்டு வேல பாக்கறேன். அன்னிக்கி காலை ஷிப்டு. கடல் உள்ள வந்துட்டுதுன்னு சொன்னதும் சைக்கிள எடுத்துகிட்டு வந்தேன். வழியெல்லாம் ஜனங்க எதிர்ல ஓடி வர்றாங்க. வூட்டுக்கு வந்தா அம்மா கட்டில்ல உக்காந்து வெத்தல இடிக்குது. "என்னாடா, ஷிப்டு முடியறதுக்குள்ள வந்துட்ட"ன்னு கேட்டுது. நான் அப்பிடியே கீழ உக்காந்துட்டேன்.

உன் லெட்டர படிச்சிக் காமிச்சேன். ரெண்டு தரம் படிக்கச் சொல்லிச்சி. அப்பறம், "இருவத்தாறு வருசம் கழிச்சி இப்ப என்னாவாம்"னு கேட்டுட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சி. கோவம் உன்மேல இல்ல, உங்க அம்மா மேல. மாமா செத்த கடுதாசில உங்க அம்மா அட்ரஸ் போடலன்னு. பழைய தோட்டத்து அட்ரஸுக்கு ரெண்டு லெட்டர் போட்டோம். ரெண்டும் ஆள் இல்லன்னு திரும்பி வந்துடுச்சி. உறவு வேணான்னுதான் அண்ணி அட்ரஸ் போடலன்னு அம்மா நெனச்சிகிச்சி. பழசு. விடு.

எனக்கு ஒரே பொண்ணு, ஸ்ரீமதி. அண்ணாமலை நகர்ல யுனிவர்சிட்டில படிக்குது, ஆஸ்டல்ல இருக்குது. வூட்ல என் சம்சாரம் தில்லையம்மாளும் அம்மாவும் நானுந்தான்.

போன் நம்பர் கேப்ப. மெஷின் சத்தத்துல எனக்குக் காது ஜாஸ்தி மந்தமாயிடுச்சி. போன்ல பேசனா ஒண்ணும் புரியாது. லெட்டரே போடு.

உத்திராபதி


சுங்கை சிப்புட்
10.4.2005

மாமாவுக்கு,

அத்தை இருக்கிறார் என்று படித்ததும் அழுதுவிட்டேன். அடுத்த பாராவைப் படித்ததும் கோபம் வந்தது. இரண்டையும் ஒரே நாளில் தாங்குகிற வயதா எனக்கு?

விலாசம் போடவில்லை என்கிறீர்கள். அந்தக் கடிதத்தை எழுதியதே நான்தான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், அப்பா இறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் இந்த ஊருக்குக் குடிவந்தோம். ஒரே ஒரு தாள். சாவுக் கடிதம் என்பதால் அடுப்புக்கரியைத் தண்ணீரில் குழைத்து நான்கு மூலையிலும், உறையிலும் தடவினேன். முன்பக்கம் செய்தி எழுதவே சரியாக இருந்தது. அதனால் புது விலாசத்தைப் பின்பக்கம் எழுதினேன், பெரிய எழுத்தில். அம்மா பக்கத்தில் நின்று, "அட்ரஸ் போட்டியா, அட்ரஸ் போட்டியா" என்று இரண்டு தடவை கேட்டார். இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

எங்கே போனது அந்தப் பின்பக்கம்? தபாலில் தாள் பாதியாகக் கிழிந்தா வந்தது? அத்தையிடம் கேட்டு எழுதுங்கள்.

வேறொன்றும் எழுத வேண்டும். நான் ஊருக்கு வரலாம் என்றிருக்கிறேன். கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. மகன் சித்தார்த் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறான். "அங்க யாரும்மா இருக்கா உனக்கு" என்கிறான். இங்கே எல்லாரும் லீவு விட்டால் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவார்கள். எந்த ஊர் என்று என்னைக் கேட்டால் சிதம்பரம் பக்கம் என்பேன். அப்பா அப்படித்தான் சொல்வார். எந்தப் பக்கம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பிச்சாவரம் போகிற வழியில் வீடு, வாசலில் புன்னை மரம், பின்னால் உப்புத்தண்ணீர் ஓடும் என்று சொல்லியிருக்கிறார். சிதம்பரத்தில் இட்லிக்கு ஒரு கொத்சு தருவார்களாம், அதை மட்டும் சாகிற வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தடவை அங்கே போய் நின்றுவிட்டு வந்தால் போதும். முட்டி வலி இருக்கிறது. மெதுவாகத்தான் நடப்பேன்.

அமராவதி


கடலூர் முதுநகர்
3.7.2005

அன்புள்ள அமராவதிக்கு,

லேட்டா எழுதறேன். அம்மா பாத்ரூம்ல விழுந்து இடுப்பு எலும்பு ஒடைஞ்சிடுச்சி. இந்த வயசுல ஆபரேசன் வேணாம்னுட்டாங்க. படுத்த படுக்கைதான். ராத்திரி ஷிப்டு பாத்துட்டு வந்து தில்லையம்மாளும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சி திருப்பிப் படுக்க வெக்கறோம். எனக்கே அம்பத்தஞ்சி ஆவுது. ஒடம்பு முடியல.

படுத்ததுலருந்து அம்மாவுக்கு ஒரே பேச்சுதான். பொறந்த வூட்டுக் கோடி. உங்க ஊர்ல எப்பிடியோ தெரியாது, இங்க கட்டிக்குடுத்த பொம்பள செத்தா அவ பொறந்த வூட்லருந்து புதுப் பொடவ வந்தாவணும். அண்ணன் தம்பி கொண்டாந்து மேல போத்தணும். அப்பறந்தான் தூக்குவாங்க. அம்மாவுக்குப் பொறந்த வூடுன்னு இப்ப இருக்கறது நீ ஒருத்திதான். "அனாதைப் பொணமாவா போவேன்"னு தெனம் கேக்குது. பொண்ணு கொண்டாரலாமா, ஆம்பளப் புள்ளதான் கொண்டாரணும்னு பேசுவாங்களேன்னு நான் சொன்னேன். "எங்கண்ணன் ரத்தம்தான அது"ன்னு சொல்லிச்சி. சீக்கிரம் வா அமராவதி. அம்மா ரொம்ப நாள் தாங்காது.

இதோட நிறுத்திக்கலாம்னுதான் பாத்தேன். நிறுத்திட்டு கோடிய மட்டும் கேட்டா நான் மனுசன் இல்ல.

தாள் பாதியா வரல. முழுசாத்தான் வந்துது. அன்னிக்கி நல்ல மழ. போஸ்ட்மேன், "தம்பி, கரி தடவுன கடுதாசி, உள்ள எடுத்துகிட்டுப் போவாத"ன்னு சொல்லிக் குடுத்தாரு. வாசல்லியே நின்னு படிச்சேன். அந்த மாதிரி கடுதாசிய வூட்டுக்குள்ள வெக்கக் கூடாதுன்னு உனக்கும் தெரியும். நின்ன எடத்துலியே நாலா எட்டா கிழிச்சி காவாயில போட்டேன். பின்பக்கம்னு ஒண்ணு இருக்கும்னே எனக்குத் தோணல. மழத்தண்ணி இழுத்துகிட்டுப் போயிடுச்சி.

அம்மா அழுது முடிச்சிட்டு சாயங்காலம் கேட்டுது, அண்ணிக்கு பதில் போடணுமே, அட்ரஸ எடுத்து வெச்சியான்னு. அதுல அட்ரஸே இல்லம்மான்னு சொல்லிட்டேன். இல்லன்னு எனக்குத் தெரியாது. நான் திருப்பிப் பாக்கலங்கறது தெரியும். அத சொல்ல வாய் வரல. சொல்லிட்டு வெளிய வந்து காவா ஓரமா கொஞ்ச தூரம் நடந்து பாத்தேன், ஒரு துண்டும் இல்ல. நாளைக்கிச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அந்த நாளைக்கி வரவே இல்ல.

புருசன் செத்தாலும் பொம்பளைக்கிப் பொறந்த வூட்டுக் கோடி வரணும். எங்கப்பா செத்தப்ப, 91ல, தாலி எறக்கற அன்னிக்கி அம்மாவுக்குப் பொறந்த வூட்டுக் கோடி எங்கன்னு கேட்டாங்க. அம்மா தலைய குனிஞ்சிகிட்டு உக்காந்திருந்துது. எல்லாம் போன அப்பறம் வாசல்ல நின்னு உங்க அம்மா பேரச் சொல்லி மண்ண வாரித் தூத்திச்சி. நான் பக்கத்துலதான் நின்னேன். அப்பவும் வாயத் தொறக்கல.

உன் லெட்டர்ல பெரிய எழுத்துல எழுதனேன்னு படிச்சதுலருந்து எனக்குச் சோறு எறங்கல.

உத்திராபதி


சுங்கை சிப்புட்
14.5.2006

மாமாவுக்கு,

பத்து மாதம் ஆகிவிட்டது. உங்களைத் தவிக்க விட வேண்டும் என்று இல்லை. ஒவ்வொரு முறை எழுத உட்காரும்போதும் கடுமையாக வருகிறது. எழுதிவிட்டு நானே கிழிக்கிறேன். எனக்கும் கிழிக்கத் தெரியும் பாருங்கள்.

கரி தடவிய கடிதத்தை நாங்களும் கிழிப்போம். அதற்காக உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானும் அப்படித்தான் செய்திருப்பேன். அவசரத்தில் பார்க்கவில்லை அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உங்களுக்கு ஒரு நாள் திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு நாளுக்குப் பயந்து இத்தனை வருடம் இரண்டு பொம்பளைகள் ஒருவரை ஒருவர் சபித்துக்கொண்டு கிடந்தார்கள். என் அம்மா சின்னம்மாள் 1994-ல் இறந்தார். கடைசி வாரத்தில், "உங்கப்பன் பொறந்தவ ஒரு வார்த்த கேக்கலியேடி" என்றார். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அவரிடம் போய் இதையெல்லாம் யார் சொல்வது?

போன தீபாவளிக்குப் புடவைக் கடைக்குப் போனேன். அத்தைக்கு என்று ஒன்றைக் கையில் எடுத்துவிட்டேன். எடுத்ததும் கோபம் வந்தது, வைத்துவிட்டு வந்துவிட்டேன். சித்தார்த் என்னம்மா என்று கேட்டான். களைப்பாக இருக்கிறது என்றேன். அது பொய்யில்லை.

வருகிறேன், மாமா. கோடி கொண்டுவருகிறேன். ஆனால் நான் உங்கள் வாசலில் கால் வைப்பதற்கு முன்னால் அத்தையிடம் நீங்களே சொல்லியிருக்க வேண்டும். நான் வந்து சொல்ல மாட்டேன். சொல்லாமல் வந்து கட்டிப்பிடித்து அழவும் என்னால் முடியாது. என் அம்மாமேல் விழுந்த மண்ணை முதலில் துடையுங்கள்.

அத்தை இன்னும் இருக்கிறார் அல்லவா? இதை எழுதும்போதுதான் பயம் வருகிறது.

அமராவதி


கடலூர் முதுநகர்
27.8.2006

அன்புள்ள அமராவதிக்கு,

இருக்குது. சொல்லிட்டேன்.

உன் லெட்டர் வந்து ரெண்டு மாசம் சட்டப் பையிலியே வெச்சிகிட்டுத் திரிஞ்சேன். ஆடி முடியட்டும்னு பாத்தேன். அப்பறம் லீவு கெடைக்கட்டும்னு பாத்தேன். தில்லையம்மா அத எடுத்துப் படிச்சிட்டு, "நீ சொல்றியா நான் சொல்லட்டுமா"ன்னு கேட்டா. போன ஞாயித்துக்கெழம அம்மாவுக்குக் கஞ்சி குடுக்கறப்ப சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். காவா ஓரமா நடந்தது வரைக்கும்.

அம்மா மொகத்தத் திருப்பிகிச்சி. வாய மூடிகிச்சி. கஞ்சி ஒழுவிச்சி, தொடைச்சேன். அப்பறம் ஏழு நாள் என் கையால பச்சத் தண்ணி வாங்கல. தில்லையம்மா குடுத்தா குடிக்கும். நான் உள்ள போனா கண்ண மூடிக்கும். அடிச்சிருந்தாகூட தேவல.

எட்டாம் நாளு கூப்ட்டுது. திட்டப் போவுதுன்னுதான் போனேன். "அப்ப அண்ணி மேல தப்பு இல்ல"ன்னு சொல்லிச்சி. இல்லம்மான்னேன். "மண்ண வாரித் தூத்தனேனேடா"ன்னு சொல்லிட்டு அழுதுது பாரு, எங்கப்பா செத்தப்பகூட அப்பிடி அழுது நான் பாக்கல. நானும் அழுதேன். தெருவுல இருக்கறவங்க அம்மா போயிடுச்சின்னு நெனச்சி எட்டிப் பாத்துட்டுப் போனாங்க.

அழுது முடிச்சதும் அம்மா கேட்டது, "அவ வராளா"ன்னு. வரும்னு சொன்னேன். "வெள்ளப் பொடவ எடுத்துகிட்டு வரப் போறா, எங்கண்ணன் எனக்கு எப்பவும் அரக்குதான் எடுப்பான்னு எழுது"ன்னு சொல்லிச்சி. தாலி எறக்கனவளுக்கு அரக்கான்னு தில்லையம்மா கேட்டா. "நீ போத்திக்கப் போறியா, நான் போத்திக்கப் போறனா"ன்னு கேட்டுது.

அவ்வளவுதான். நீ வா. எனக்கு மனசுல இருந்த பாரம் எறங்கிடுச்சின்னு எழுத ஆச. எறங்கல. அலுப்பாத்தான் இருக்குது.

உத்திராபதி


சுங்கை சிப்புட்
18.3.2007

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். மூன்று நாள் தூங்கினேன். கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. தில்லையம்மாள் கொடுத்த முறுக்கைச் சித்தார்த் ஒரே நாளில் முடித்துவிட்டான்.

அங்கே இருந்த பன்னிரண்டு நாளும் நீங்கள் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்தீர்கள், பையைத் தூக்கினீர்கள், ஆனால் பேசவில்லை. அதனால் நேரில் சொல்லாததை எழுதுகிறேன்.

அப்பாவின் ஊரைப் பற்றி நீங்கள் வருத்தப்பட வேண்டாம். அந்த இடத்தில் இறால் பண்ணை இருப்பதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? முப்பது வருடம் மனசில் வைத்திருந்த புன்னை மரத்துக்குப் பதிலாகக் குட்டையில் காற்றாடி மாதிரி ஏதோ சுற்றித் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் நாயை அவிழ்த்துவிடுவேன் என்றான். டீக்கடையில் கேட்டால், "எந்தக் கோவிந்தசாமி, இங்க நாலு கோவிந்தசாமி இருந்தாங்க" என்றார்கள். நாலில் ஒன்று என் அப்பா என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பிடி மண் எடுத்துவர டப்பா கொண்டுவந்திருந்தேன். உப்புப் பூத்த சேறுதான் இருந்தது. எடுக்கவில்லை. பிச்சாவரம் படகில் அந்த ஆள், "எந்த ஊரும்மா" என்று கேட்டார். மலேசியா என்று சொல்லிவிட்டேன். சிதம்பரம் பக்கம் என்று சொல்ல அங்கே உட்கார்ந்துகொண்டு எனக்கு வாய் வரவில்லை.

கொத்சு மட்டும் அப்பா சொன்ன மாதிரியே இருந்தது.

அத்தையைப் பற்றி எழுதினால் நிறுத்த முடியாது. உள்ளே வந்ததும் என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். யோசிக்கும்போது ஒரு விரலால் காதுமடலைத் தேய்க்கிறார். அப்பா அப்படியே செய்வார். மண்ணிலும் தண்ணீரிலும் நான் தேடிப் போன அப்பாவின் ஊர் கட்டிலில் படுத்திருந்தது. "உங்கம்மாவ ரொம்பத் திட்டிட்டேன் தாயி" என்றார். எங்கம்மாவும் உங்களைத் திட்டினார்கள், அத்தை என்றேன். "நெசமாவா" என்று கேட்டார். நெசமாகத்தான் என்றேன். சிரித்துவிட்டார். "அப்ப சரியாப் போச்சி" என்றார்.

கோடியை உயிரோடு இருப்பவர் கையில் கொடுக்கக் கூடாது என்று நீங்கள் அத்தனை பயந்தீர்கள். தாம்பாளத்தில் பூ, பழம், மஞ்சள் வைத்து, அண்ணன் வீட்டுச் சீர் என்று நான் கொடுத்ததும் தெருப் பொம்பளைகள் எல்லாம் அதிசயமாகப் பார்த்தார்கள். என்ன புடவை அது என்று நம் நாலு பேருக்குத்தான் தெரியும். பிரித்துக்கூடப் பார்க்காமல் மடிப்பை மட்டும் தடவிவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது, "எப்ப வருவ" என்று கேட்டார். வருவேன் என்று சொன்னேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை வருவேனா என்று எனக்குத் தெரியாது.

உங்கள்மேல் கோபம் இருக்கிறது, மாமா. முன்பு மாதிரி இல்லை. சுமந்து சுமந்து தேய்ந்துவிட்டது.

அமராவதி


கடலூர் முதுநகர்
5.10.2009

அன்புள்ள அமராவதிக்கு,

சாவப் போறேன் சாவப் போறேன்னு உன்ன அவசரப்படுத்தி வரவெச்சிது இல்ல, அது நல்லா கெட்டியா இருக்குது. கோடி வந்துட்டுதுங்கற தைரியம். தில்லையம்மாளுக்கும் எனக்குந்தான் இடுப்பு போயிடுச்சி. போன வருசம் ரிட்டயர் ஆயிட்டேன், இப்ப முழுநேர வேல அம்மாதான்.

மாசம் ஒரு தரம் அந்தப் பொடவய மடிப்பக் கலைக்காம வெயில்ல காயப் போடச் சொல்லுது. பூச்சி அரிச்சிடுமாம். பக்கத்து வூட்டுப் பொம்பள, எடுத்துக் கட்டிக்கக் கூடாதா ஆயா, இவ்ளோ நல்லா இருக்குதேன்னு கேட்டா. "கட்டிக்கறப்ப கட்டிக்குவேன், உனக்கு என்னா அவசரம்"னு சொல்லிச்சி. அவ ஒண்ணும் புரியாம போயிட்டா.

ஸ்ரீமதிக்கு அண்ணாமலை நகர்லியே வேல கெடச்சி, கல்யாணமும் ஆச்சி. பத்திரிகை அனுப்பியிருந்தேன், மஞ்சள் தடவனது. அத கிழிச்சிடலையே?

அம்மா உன் போட்டாவ கட்டிலுக்கு எதுக்க மாட்டச் சொல்லி, காலைல எழுந்ததும் பசியாறினியான்னு அதப் பாத்து கேக்குது. உன்கிட்ட கத்துகிட்ட பேச்சு.

உத்திராபதி


12.1.2012

அன்புள்ள அமராவதிக்கு,

தாள் மூலையப் பாத்ததும் உனக்குத் தெரிஞ்சிருக்கும். அம்மா இந்த மாசம் மூணாந்தேதி காலைல போயிடுச்சி.

முப்பதாந்தேதி இங்க பெரிய புயல். தானேன்னு பேரு வெச்சாங்க. இன்னிய வரைக்கும் எங்க தெருவுல கரண்டு இல்ல, போன் இல்ல. உனக்குச் சொல்ல ஸ்ரீமதி நாலு எடத்துக்கு அலைஞ்சிது, லைன் கெடைக்கல. அதான் கடுதாசி. கத்துன காத்துக்கு எனக்கே காது கேட்டுது. எங்க வூட்டு முன்பக்கம் சுவரோட சாஞ்சிடுச்சி. அம்மா கட்டிலத் தூக்கி பின்கட்டுல போட்டுட்டு ஓட்டுக்கு அடில நாங்க மூணு பேரும் உக்காந்திருந்தோம். மழ உள்ள அடிக்குது. "பொடவ நனையுதாடா, பொடவயப் பாரு"ன்னு அதையேதான் சொல்லிகிட்டு இருந்துது. பிளாஸ்டிக் பையில சுத்தி என் மடியில வெச்சிகிட்டேன். நாலு நாள் கழிச்சி தூக்கத்துலியே போயிடுச்சி. வெறகு தேட வேண்டியதில்ல, தெருவெல்லாம் மரம் விழுந்து கெடந்துது.

பெட்டியத் தொறந்து கோடிய எடுத்தா பங்காளிங்க ஒத்துக்கல. சின்னையன் சித்தப்பா, "தாலி எறக்கனவளுக்கு அரக்கா, அதுவும் பொட்டச்சி கொண்டாந்தத எந்த ஊர்ல போத்தறாங்க"ன்னு கேட்டாரு. எல்லாரும் என்னப் பாத்தாங்க. நான் எப்பவும் போல வாய மூடிக்குவேன்னு நெனச்சாங்க. நானும் அப்பிடித்தான் நெனச்சேன்.

அம்மா தலமாட்டுல நின்னு சொன்னேன். எழுவத்தெட்டுல எங்க மாமன் வூட்டுக் கடுதாசிய கிழிச்சவன் நான்தான், அட்ரஸ் இல்லன்னு சொன்னதும் நான்தான், எங்கப்பா செத்தப்ப இதுக்குக் கோடி வராததும் என்னாலதான். இது எங்கண்ணன் ரத்தம்னு எங்கம்மா சொல்லி வாங்கன கோடி, இதப் போத்தாம தூக்க விடமாட்டேன்னு சொன்னேன். தெருவே நின்னு கேட்டுது. சித்தப்பா துண்ட ஒதறித் தோள்ல போட்டுகிட்டு அந்தப் பக்கம் போயிட்டாரு. தில்லையம்மாளும் நானும் ஆளுக்கு ஒரு முனையப் புடிச்சி போத்தனோம். அஞ்சி வருசம் மடிச்சிருந்த மடிப்பு விரிச்ச அப்பறமும் அப்பிடியே கோடு கோடா இருந்துது. நல்லா இருந்துது அமராவதி. பொறந்த வூட்டுப் பொண்ணாத்தான் போச்சி.

பதினெட்டாந்தேதி கருமாதி. இது உன் கைக்கு வர்றப்ப அதுவும் முடிஞ்சிருக்கும். முட்டியோட அலையாத, வர வேணாம். அங்கியே தலைக்கு ஊத்திக்க.

எனக்கு அறுவத்திரெண்டு ஆவப் போவுது. இனிமே யாரத் திருப்பிப் படுக்க வெக்கறதுன்னு தெரியாம காலைல அஞ்சி மணிக்கே எழுந்து உக்காந்திருக்கேன்.

வழக்கப்படி வாசல்லியே நின்னு படிச்சிட்டு கிழிச்சிப் போட்டுடு. அதுக்கு முன்னாடி ஒரு தரம் திருப்பிப் பாரு. வூடு இடிஞ்சதுல நாங்க ஸ்ரீமதி வூட்டுக்கு வந்துட்டோம்.

உத்திராபதி

(பின்பக்கம்)

உத்திராபதி
மே/பா ஸ்ரீமதி
ஊழியர் குடியிருப்பு
அண்ணாமலை நகர், சிதம்பரம் 608 002
தமிழ்நாடு, இந்தியா

உத்திராபதி
மே/பா ஸ்ரீமதி
ஊழியர் குடியிருப்பு
அண்ணாமலை நகர், சிதம்பரம் 608 002
தமிழ்நாடு, இந்தியா

கரி பட்டு ஒண்ணு அழிஞ்சிட்டா இன்னொண்ணு இருக்கட்டும்னு ரெண்டு தரம் எழுதியிருக்கேன்.